கழுவித் தள்ளினால் தீருமா? குழந்தைகளின் மலச்சிக்கல் பற்றிய நம்பிக்கைக்கு ஒரு மறுப்பு

தமிழ்க் குடும்பங்களில் குழந்தை வளர்ப்புப் பற்றி நிலவும் நம்பிக்கைகளுள் மிக ஆழமாக வேரோடியது வயிற்றைப் பற்றியது. ஆறாம் மாதத்தில் கஞ்சியும் குழைந்த சோறும் ஊட்டத் தொடங்கிய பிள்ளைக்கு நாள்தோறும் மலம் கழிந்தாக வேண்டும். ஒருநாள் தவறினாலும் வயிற்றில் அழுக்குச் சேர்ந்துவிடும். சேர்ந்த அழுக்கைப் பேதிக்குக் கொடுத்து வெளியேற்றாவிட்டால் மாந்தம், சளி, காய்ச்சல், சிரங்கு ஆகிய அனைத்துக்கும் அதுவே வித்தாகும் என்பது அந்த நம்பிக்கையின் சாரம். பினாங்குத் தீவில் தண்ணீர்மலை அடிவாரக் குடியிருப்புகளிலும், ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களிலும், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் முதல் செபராங் பிறையின் தோட்டப்புறங்கள் வரையிலும் வாழும் தமிழரிடையே இது பாட்டியிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் கைமாறி வந்த அறிவாகக் கருதப்படுகிறது. விளக்கெண்ணெயும், எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பும், சீவிய சோப்புத் துண்டும் அதன் கருவிகள்.

இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே பிழையானது. குழந்தையின் குடல், அடைபட்டால் கம்பி விட்டுக் குத்தித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சாக்கடைக் குழாயன்று. குழந்தையின் மலச்சிக்கல் என்பது மலம் கெட்டிப்பட்டு வலி உண்டாவதும், அந்த வலிக்கு அஞ்சிக் குழந்தை மலத்தை அடக்கத் தொடங்குவதுமாகும். ஆகையால் ஓர் இரவில் வயிற்றைக் காலி செய்வதால் அது தீர்வதில்லை. குழந்தை அச்சத்தை மறக்கும்வரை, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும், மலத்தை இளக்கமாகவே வைத்திருப்பதுதான் அதற்கான சிகிச்சை.

எண்ணிக்கையைப் பற்றிய பிழையை முதலில் நீக்கியாக வேண்டும். பிறந்த முதல் சில வாரங்களில் நாளொன்றுக்குப் பலமுறை மலம் கழிக்கும் குழந்தை, ஓராண்டு நிறையும் காலத்தில் சராசரியாக நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. சராசரி என்பது எல்லாக் குழந்தைக்கும் விதிக்கப்பட்ட கடமையன்று. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு வாரம்கூடக் கழியாமலிருந்து, பின்பு களிம்புபோல் இளக்கமாகக் கழிப்பது இயல்பானதே. குடலின் இயக்கக் கோளாறுகளை வரையறுக்க மருத்துவர்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் ரோம் வரையறைகளின் நான்காம் பதிப்பு 2016-இல் வெளிவந்தது. வாரத்துக்கு இரண்டு முறையோ அதனினும் குறைவாகவோ மலம் கழிதல், மலத்தை மிகுதியாக அடக்கி வைத்தல், கெட்டியாகவோ வலியோடோ கழிதல், மலம் பருத்து வருதல், மலக்குடலில் பெருங்கட்டியாகத் தேங்கியிருத்தல் ஆகிய ஐந்தில் இரண்டேனும் ஒரு மாதம் நீடித்தால்தான் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மலச்சிக்கல் இருப்பதாக அது கொள்கிறது. கெட்டி மலமும் அழுகையும் கண்டபின் ஒரு மாதம் கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஒருநாள் தவறியதை நோய் என்று பெயரிடக் கூடாது என்பதே பொருள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் கரும்புத் தொட்டிலில் சுமந்து செல்லப்படும் குழந்தை, உணவும் உறக்கமும் மாறிய காரணத்தால் மறுநாள் வெளிக்குப் போகாமலிருந்தால், அக்குழந்தைக்குத் தேவைப்படுவது பழைய ஒழுங்கு திரும்புவது ஒன்றே.

முக்குவதைக் கண்டு அஞ்சுவதும் இத்தகைய பிழைதான். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தை பத்து நிமிடமோ அதற்கு மேலோ முகம் சிவக்க முக்கி அழுது, முடிவில் இளக்கமான மலத்தைக் கழிக்குமானால் அது மலச்சிக்கலே அன்று. வயிற்றுத் தசையை இறுக்கும் அதே நேரத்தில் ஆசனவாய்த் தசையைத் தளர்த்த வேண்டும் என்ற இணக்கத்தை அக்குழந்தை இன்னும் கற்று முடிக்கவில்லை; நாளடைவில் தானே கற்றுக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் காம்பை விட்டுத் தூண்டுகிற கை, கற்றுக்கொள்ளும் வாய்ப்பைக் குழந்தையிடமிருந்து பறித்துவிடுகிறது.

திட உணவு தொடங்கியதும் மலம் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு, உடற்சூடு என்ற பதிலே வீடுகளில் கிடைக்கிறது. பினாங்கின் வெயிலும் புழுக்கமும் அந்தப் பதிலுக்கு ஒரு நம்பகத்தன்மையைத் தந்துவிடுகின்றன. உண்மையான காரணங்கள் உணவிலும் பாலிலும் உள்ளன. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சிறு சர்க்கரைத் தொடர்கள் பல உண்டு. அவை பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகி, நீரையும் தம்மோடு இழுத்து வைத்துக்கொள்வதால் மலம் இளகியிருக்கிறது. திட உணவு தொடங்கியதும் தாய்ப்பாலின் அளவு குறைகிறது. அதன் இடத்துக்கு வருவது பெரும்பாலும் வெள்ளை அரிசிக் கஞ்சி, டப்பாவில் வரும் அரிசி மாவு, பிஸ்கட், சவ்வரிசி போன்றவை. வேகவைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார்ச்சத்து அரை கிராம்கூட இல்லை. அதே அளவு பப்பாளியில் 1.7 கிராமும், பேரிக்காயில் ஏறத்தாழ 3 கிராமும், கொய்யாவில் 5 கிராமுக்கு மேலும், வெந்த பருப்பில் 8 கிராமை ஒட்டியும் உண்டு. அரிசியை முதலுணவாகக் கொடுப்பதில் குற்றமில்லை. மூன்று மாதம் கழிந்தும் அரிசியும் உப்பில்லா ரசமும் தவிர வேறொன்றையும் காட்டாமல் வைத்திருப்பதுதான் குற்றம்.

புட்டிப்பாலின் கொழுப்பு இன்னொரு காரணம். தாய்ப்பாலின் கொழுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று இருக்கைகள் உண்டு. தாய்ப்பாலில் இந்த அமிலத்தின் பெரும்பகுதி நடு இருக்கையில் அமர்ந்திருக்கிறது. பனை எண்ணெயிலோ அது பெரும்பாலும் ஓர இருக்கைகளில் இருக்கிறது. செரிமான நொதி ஓரங்களைத்தான் வெட்டி எடுக்கும். பனை எண்ணெய் சேர்த்த பால்மாவைக் குடிக்கும் குழந்தையின் குடலில் இவ்வாறு விடுபடும் பால்மிட்டிக் அமிலம் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் கூடி, நீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக உறைந்துவிடுகிறது. புட்டிப்பால் குழந்தைகளின் மலம் கெட்டியாவதற்கு இந்தச் சோப்பே முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது 1990-களில் மலத்தைப் பகுத்தாய்ந்தவர்கள் கண்டது. எனவே உடற்சூடு என்று கைகாட்டப்படும் இடத்தில் நடப்பது, ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கத்தக்க ஒரு வேதிவினை. அதை விளக்கெண்ணெயால் கழுவினாலும் அடுத்த புட்டிப்பாலிலிருந்து மீண்டும் அது உண்டாகும்.

இவ்வாறு கெட்டிப்பட்ட மலம் ஒருமுறை வலியோடு வெளிவந்தால், அதன்பின் நடப்பது குழந்தையின் மனத்தில் நடக்கிறது. ஆசனவாயின் மெல்லிய தோலில் சிறு கீறல் விழுந்து, மலத்தின்மேல் ஓர் இழை இரத்தம் தெரியலாம். அந்த வலியை நினைவில் வைத்துக்கொள்ளும் குழந்தை, அடுத்த முறை உணர்ச்சி தோன்றும்போது கால்களைப் பின்னிக்கொண்டு, உடலை விறைத்து, முகம் சிவந்து நிற்கிறது. பார்ப்பவர்கள் மலம் கழிக்கப் போராடுகிறது என்று எண்ணுகிறார்கள்; குழந்தையோ கழிக்காமலிருக்கப் போராடிக்கொண்டிருக்கிறது. ஓராண்டை ஒட்டிய பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டை அறியாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது. பெருங்குடலின் வேலை நீரை உறிஞ்சுவது; உள்ளே தங்கும் ஒவ்வொரு நாளும் மலம் மேலும் உலர்ந்து, மேலும் பருத்து, அடுத்த முறையின் வலியைக் கூட்டுகிறது. மலக்குடலும் விரிந்துகொடுத்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்ச்சியே மங்கிப்போகிறது. வலியிலிருந்து அச்சமும், அச்சத்திலிருந்து அடக்கலும், அடக்கலிலிருந்து மீண்டும் வலியும் பிறக்கும் இந்தச் சுழலில் அழுக்கு என்ற ஒன்றுக்கு எங்குமே இடமில்லை.

இந்தச் சுழலுக்குள் விளக்கெண்ணெயை ஊற்றினால் நடப்பது என்ன? ஆமணக்கு எண்ணெயை வழுக்கும் பொருள் என்றும், குடலுக்கு மென்மையாக எண்ணெய் பூசிவிடுகிறது என்றும் எண்ணுவோர் பலர். அது அவ்வாறு செயல்படுவதில்லை. சிறுகுடலில் அது உடைந்து ரிசினோலெயிக் அமிலத்தை விடுவிக்கிறது. அந்த அமிலம் குடல் தசையிலுள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைப் பற்றிக்கொண்டு தசையைச் சுருங்கி இழுக்க வைக்கிறது என்பதை 2012-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தார் எலிகளில் மெய்ப்பித்தனர். அதாவது, பேதிக்குப் பின் குழந்தை அழுவதற்குக் காரணம் வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலியே. 1920-களில் முசோலினியின் கறுஞ்சட்டைக்காரர்கள் அரசியல் எதிரிகளைப் பிடித்து வாயில் இதே எண்ணெயை வலிந்து ஊற்றித் தண்டித்தார்கள்; வளர்ந்த ஆடவருக்குத் தண்டனையாக இருந்த ஒன்று எட்டு மாதக் குழந்தைக்கு எவ்வாறு மென்மையாக இருக்க முடியும்?

இந்த வைத்தியம் தலைமுறை தலைமுறையாகப் பலன் தருவதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. பேதி முடிந்ததும் பெருங்குடல் முழுவதும் காலியாகிவிடுகிறது. அது மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். நிரம்பும்வரை மலம் கழியாமலிருப்பது இயல்பு. அந்த இரண்டு மூன்று நாளை வீட்டார், கட்டு மறுபடியும் விழுந்துவிட்டது என்று படிக்கிறார்கள். மறுபடியும் எண்ணெய் கொடுக்கிறார்கள். மறுபடியும் வயிறு இறங்குகிறது. மருந்தின் தேவையும் மருந்தின் வெற்றியும் ஒருங்கே மெய்ப்பிக்கப்பட்டதாக மனநிறைவு கொள்கிறார்கள். தனக்கான நோயைத் தானே உண்டாக்கி, அதைத் தானே தீர்ப்பதாகக் காட்டும் மருந்து எந்த அனுபவச் சோதனையிலும் தோற்காது. ஐந்து பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தோம் என்ற சான்று எவ்வளவு நேர்மையோடு சொல்லப்பட்டாலும், இந்தக் காரணத்தால் அது சான்றாக நிற்க இயலாது.

ஆனால் வீண் வேலை என்று விட்டுவிடத்தக்க அளவில் இதன் கேடு நின்றுவிடுவதில்லை. எண்ணெயின் சுவையை வெறுத்துக் கதறும் குழந்தையைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, சங்கால் ஊற்றும்போது சில துளிகள் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடக்கூடும். தண்ணீர் புரையேறினால் இருமல் உடனே அதை வெளித்தள்ளும். எண்ணெயோ இருமலைத் தூண்டாமல் வழுக்கி நுரையீரலுக்குள் சென்று தங்கி, நாள்பட்ட அழற்சியை உண்டாக்குகிறது. எண்ணெய் நுரையீரல் அழற்சி எனப்படும் இந்நோய் தென்னிந்தியக் கைக்குழந்தைகளிடம் காணப்பட்டதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1973-இலேயே பதிவு செய்தது. அழுக்குச் சேர்ந்தால் சளி பிடிக்கும் என்று சொல்லிப் புகட்டப்படும் எண்ணெயே நீங்காத இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் காரணமாகலாம் என்பதை எந்தக் குடும்பமும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கைக்குழந்தைக்குப் பேதி அளவு மீறினால் உடல்நீர் வற்றுவது எத்துணை விரைவானது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் மரபு என்ற கவசம் எழுப்பப்படும்: சித்தர் வகுத்த வழி, நம் முன்னோர் கண்ட வழி, மேனாட்டு மருத்துவம் அதை இழிவுபடுத்துகிறது என்று வாதிடப்படும். மரபை மதிப்போர் மரபின் நூல்களை முதலில் படிக்க வேண்டும். நோயணுகாமல் வாழ்வதற்கான ஒழுக்கங்களைத் தொகுத்துரைக்கும் பாடல்கள் தேரையர் பெயரில் வழங்குகின்றன. அவற்றில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும் கொள்வது ஒழுக்கமாகச் சொல்லப்படுவது உண்மை. அதே வரிசையில் பகலில் புணர்தல் கூடாது, பகலில் துயிலல் கூடாது என்பனவும் சொல்லப்படுகின்றன. அந்த அறிவுரை யாரை நோக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. பகலில் பலமுறை உறங்கி வளரும் ஆறு மாதக் குழந்தையை அந்தப் பாடல் நோக்கவேயில்லை. வளர்ந்தோருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று வகுத்ததைக் கைக்குழந்தைக்கு மாதந்தோறும், சில வீடுகளில் வாரந்தோறும் என்று ஆக்கியது மரபன்று. மரபின் பெயரால் பிற்காலத்தார் செய்த மிகை.

மறுபுறம், குடலைக் கழுவும் வெறியைத் தமிழருக்கு மட்டும் உரியதாகக் காட்டி நகைப்பதும் வரலாற்றுக்கு மாறானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் ஆர்பத்னட் லேன், குடலில் தேங்கும் மலம் உடலையே நஞ்சாக்குகிறது என்று நம்பிப் பலருடைய பெருங்குடலை வெட்டியே எடுத்தார்; 1913-இல் இலண்டன் அரச மருத்துவக் கழகம் அந்தக் குடல்நஞ்சுக் கொள்கையைப் பற்றி அமர்வு அமர்வாக விவாதித்தது. 1919-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ் அதைத் தகர்த்தார்: மலம் கழிந்த உடனேயே தலைவலியும் சோர்வும் நீங்கிவிடுகின்றன, இரத்தத்தில் நஞ்சு கலந்திருந்தால் அவை அவ்வளவு விரைவில் நீங்க முடியாது, ஆகவே அவை மலக்குடல் விரிந்து அழுந்துவதால் தோன்றுபவை என்பது அவர் வாதம். அதற்குள் அந்த நம்பிக்கை பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கைக்குழந்தைகளின் தொட்டில்வரை சென்றுவிட்டது. பல் முளைக்கும் குழந்தைக்கென்று விற்கப்பட்ட தூள்களில் கலோமெல் என்ற பேதி மருந்து, அதாவது பாதரசக் கூட்டுப்பொருள், கலந்திருந்தது. கைகால் சிவந்து தோலுரிந்து, ஓயாமல் அழுது, ஒளியைக் கண்டு கூசி வாடிய அக்குழந்தைகளின் நோய்க்கு இளஞ்சிவப்பு நோய் என்று பெயரிட்டார்களேயன்றிக் காரணம் அறியாமல் தவித்தார்கள். 1940-களில் சின்சினாட்டியில் ஜோசப் வார்க்கானி அத்தகைய குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் கண்டார். 1950-களில் தூள்களிலிருந்து கலோமெல் நீக்கப்பட்டதும் நோயே மறைந்தது. பல நூறு குழந்தைகள் அதற்குள் இறந்திருந்தன. குடலைச் சுத்தம் செய்யும் பற்று கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றே. மேற்கு அதைக் கைவிட்டது அறிவுமிகுதியால் என்பதைவிட, பிள்ளைகளை இழந்த பின்னரே என்பது பொருந்தும்.

வெற்றிலைக் காம்பையும் சோப்பையும் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. அவை மலத்தை இளக்குவதில்லை. ஆசனவாயைக் குத்தியும் எரித்தும் ஒரு நாள் மலத்தை வெளிக்கொணர்கின்றன. வலிதான் நோயின் மூலம் என்றிருக்கும்போது, மலம் கழித்தலோடு இன்னொரு வலியைப் பிணைப்பது சிகிச்சையாகாது. மருத்துவர் கட்டாயம் நேரும்போது கிளிசரின் மாத்திரையை ஆசனவாய்வழி வைப்பதுண்டு. அதை வீட்டு வழக்கமாக்கிக்கொள்ள அவரும் சொல்வதில்லை.

தேனைப் பற்றியோ கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனை நாவில் தடவுவது மலத்தை இளக்கும் என்று பலர் நம்புகின்றனர். தேனில் போட்டுலினம் என்ற நுண்ணுயிரின் விதைகள் இருக்கக்கூடும். வளர்ந்தோர் குடலில் அவை முளைப்பதில்லை. குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. 1976-இல் கலிபோர்னியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கலே. பிறகுதான் அழுகை மெலிவதும், பால் உறிஞ்ச இயலாமற் போவதும், கழுத்துத் துவள்வதும் வருகின்றன. மலச்சிக்கலுக்கென்று கொடுத்த தேனால் மலச்சிக்கல் வந்து, அது தீரவில்லையே என்று மேலும் தேன் கொடுக்கப்படும் நிலையை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பிள்ளை வளர்ப்பான் என்று போற்றப்படும் வசம்பிலுள்ள ஆசரோன் என்ற பொருள் ஆய்வுவிலங்குகளில் புற்றுநோயை விளைவித்ததால் அமெரிக்கா 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது என்பதையும் இங்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படித்த இளம்பெற்றோர் எண்ணெயைக் கைவிட்டிருக்கலாம், எண்ணத்தைக் கைவிடவில்லை. அவர்களிடம் அதே கழுவும் எண்ணம் தண்ணீர், நார்ச்சத்து என்ற புதிய பெயர்களோடு உலவுகிறது. தேவைக்கு மேல் குடித்த தண்ணீர் சிறுநீராகப் போகுமேயன்றி மலத்தில் இறங்காது. உடல்நீர் வற்றிய குழந்தைக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். நன்றாகச் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குக் கூடுதல் தண்ணீர் மலத்தை இளக்குவதில்லை. ஆறு மாதத்துக்குமேல் உணவோடு சிறிது சிறிதாக, நாளொன்றுக்கு 120 முதல் 240 மில்லி லிட்டர் வரை போதுமானது. பால்மாவில் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வது மிகக் கெட்ட வழக்கம். அதனால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து வலிப்பு வரக்கூடும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் இணைந்து வெளியிட்ட நெறிமுறை, இயல்பான அளவு நீரும் இயல்பான அளவு நாரும் போதும், அவற்றை மிகையாகக் கூட்டுவது மலச்சிக்கலைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. முன்னர் அரிசியை மட்டுமே கொடுப்பதைக் கண்டித்ததற்கும் இதற்கும் முரணில்லை: நார் இல்லாத உணவில் நாரைச் சேர்ப்பது குறையை நிரப்புவது, ஏற்கெனவே மலம் கட்டிக் கிடக்கும் குடலில் தவிட்டையும் விதைகளையும் திணிப்பது கட்டியைப் பெருக்குவது.

வாழைப்பழத்தின் நிலையும் இத்தகையதே. காயான வாழையின் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிமானத்துக்கு உட்படாதது. வங்கதேசத்தின் டாக்காவில் நாள்பட்ட வயிற்றுப்போக்குடைய குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சை வாழைக்காயைக் கொடுத்து, போக்கு நிற்பதை 2001-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே வாழைக்காய் மாவுக் கஞ்சியை மலச்சிக்கலுக்கு மருந்தாகக் கொடுப்பது தலைகீழான செயல். நன்கு கனிந்த பழம் வேறு. இரும்புச்சத்துச் சேர்த்த உணவே மலத்தைக் கட்டுகிறது என்று அதை நிறுத்துவோர் அதைவிடப் பெரிய தீங்கு செய்கின்றனர். இரும்பு செறிவூட்டிய பால்மாவையும் சாதாரணப் பால்மாவையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் மலச்சிக்கலில் வேறுபாடு காணப்படவில்லை. ஏழாம் மாதம் முதல் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லி கிராம் இரும்பு தேவைப்படுகிறது, அதை இழந்தால் பாதிக்கப்படுவது மூளை வளர்ச்சி.

உண்மையில் உதவுவது எது? உணவில் தொடங்கலாம். பப்பாளி, பேரிக்காய், உலர்ந்த பிளம்ஸ் பழத்தை ஊறவைத்து மசித்த விழுது, பருப்பும் பூசணியும் சேர்ந்த குழைந்த சோறு, முருங்கைக்கீரை ஆகியவை பினாங்குச் சந்தையில் எளிதில் கிடைப்பவை. உலர்ந்த பிளம்ஸிலும் பேரிக்காயிலும் சார்பிடால் என்ற இனிப்புப் பொருள் உண்டு. குடல் அதை முழுமையாக உறிஞ்சாததால் அது நீரைத் தன்னோடு வைத்துக்கொண்டு மலத்தை இளக்குகிறது. தாய்ப்பாலை நிறுத்தாமல் தொடர்வது இவற்றினும் முதன்மையானது. ஓராண்டுக்கு முன் பசும்பாலை முதன்மைப் பானமாக்கக் கூடாது. அதன் பின்னரும் நாளுக்கு அரை லிட்டரை ஒட்டி நிறுத்துவது நல்லது, ஏனெனில் பாலால் வயிறு நிறைந்த பிள்ளை பருப்பையும் பழத்தையும் தொடாது. வயிற்றை மெல்லத் தடவுவதும், கால்களை மடக்கி நீட்டுவதும், இளஞ்சூடான நீரில் குளிப்பாட்டுவதும் தீங்கற்றவை. பாட்டிமாரின் கைகளுக்குக் குழந்தைகள் அமைதியடைவது கண்கூடு.

இவற்றால் தீராதபோது மருந்து வேண்டும். அதைத் தருவதற்குத் தயங்குவதுதான் இன்றைய பெருங்கேடு. பாலிலுள்ள சர்க்கரையிலிருந்து செய்யப்படும் லாக்டுலோஸ் என்ற பாகு, குடலால் செரிக்கப்படாமல் பெருங்குடலை அடைந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; பேரிக்காயின் சார்பிடால் செய்யும் அதே வேலையை, அளந்தறிந்த வலிமையோடு அது செய்கிறது. கைக்குழந்தைக்கும் கொடுக்கத்தக்க அதன் அளவை, எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் மூன்றாம் நாள் மலம் இளகியதைக் கண்டதும் வீட்டார் அதை நிறுத்திவிடுகிறார்கள். குடல் மருந்துக்குப் பழகி, பிறகு தானாக வேலை செய்யாது என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். மாதந்தோறும் தசையை முறுக்கி இழுக்கும் எண்ணெயைக் கொடுக்க அஞ்சாத குடும்பம், தசையைத் தொடாமல் நீரை மட்டும் பிடித்துவைக்கும் பாகுக்கு அஞ்சுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. 2014-ஆம் ஆண்டின் அதே நெறிமுறை, மருந்தைக் குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும் என்றும், எல்லா அறிகுறிகளும் நீங்கி ஒரு மாதமேனும் கடந்த பின்னரே, அதுவும் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த இரண்டு மாதம் குடலைப் பழக்கப்படுத்துவதற்கன்று. விரிந்த மலக்குடல் சுருங்கிப் பழைய அளவுக்கு வரவும், கீறல் ஆறவும், மலம் கழித்தல் வலிக்காது என்று குழந்தை நம்பத் தொடங்கவும் அவ்வளவு காலம் ஆகிறது. மூன்றாம் நாள் நிறுத்தப்பட்ட மருந்து தோற்றதாகக் கருதப்பட்டு, விளக்கெண்ணெய் மீண்டும் எடுக்கப்படுகிறது.

பேதி வைத்தியத்தின்மேல் சுமத்த வேண்டிய இன்னொரு குற்றமும் உண்டு: அது காலத்தைத் தின்கிறது. மலச்சிக்கலோடு வரும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே உடற்கூற்றுக் கோளாறு இருக்கும். ஆனால் அந்தச் சிலருக்கு நாட்கள் உயிருக்குச் சமம். நலமாகப் பிறந்த குழந்தை தன் முதல் கருமலத்தை 48 மணி நேரத்துக்குள் கழித்துவிட வேண்டும். கழிக்காத குழந்தை, பிறந்தது முதலே கட்டுடைய குழந்தை, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தியெடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, கால்களில் வலுக்குறைந்த குழந்தை ஆகியோருக்கு வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது. கோபன்ஹேகனின் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்பிரங் 1886-இல் பெர்லினில் விவரித்த நோயில், பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்களே இல்லாததால் அப்பகுதி மலத்தை முன்தள்ள இயலாமல் இறுகிக் கிடக்கிறது. ஐயாயிரம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இதற்கு அறுவை ஒன்றே வழி. தைராய்டுச் சுரப்புக் குறைவும் மலச்சிக்கலாகத் தோன்றலாம்; மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே அதைச் சோதிக்கிறார்கள் என்பது நற்பேறு. தண்ணீர்மலையிலிருந்து ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனை கூப்பிடு தொலைவு. அந்தத் தொலைவைக் கடக்கப் பல வாரங்கள் ஆவது மாந்தம் என்ற ஒற்றைச் சொல்லில் எல்லா வயிற்று நோயையும் அடக்கிவிடும் பழக்கத்தால்.

மருத்துவ உலகின் பங்கையும் மறைக்கக் கூடாது. கூட்டம் நிறைந்த தாய்சேய் கிளினிக்கில் மிஸ்ஸி எனப்படும் செவிலியர் எடை பார்த்து, மருத்துவர் பாகுப் புட்டியை எழுதிக்கொடுத்து, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடும்போது, இரண்டு மாதம் என்ற சொல் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட்டாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ விரைவாகச் சொல்லப்பட்டு, வீட்டில் முடிவெடுக்கும் பாட்டியின் காதை எட்டுவதில்லை. எண்ணெய் கொடுக்கும் பாட்டிக்கு ஏன் கொடுக்கிறோம் என்பதற்கு ஒரு முழுமையான விளக்கம், பிழையானதாயினும், கையிலிருக்கிறது. புட்டியோடு வரும் இளந்தாய்க்கு அத்தகைய விளக்கம் எதுவும் தரப்படவில்லை. ஆகையால் குழந்தைக்கான மருந்துச் சீட்டு எழுதப்படும் அறைக்குத் தாயோடு பாட்டியும் அழைக்கப்பட வேண்டும். கால் பின்னுவது அடக்குவதன் அடையாளம் என்பதும், மருந்து எத்தனை மாதம், எப்படிக் குறைப்பது என்பதும் அவருக்குத் தமிழில் சொல்லப்பட்டு, குழந்தையின் பதிவேட்டில் எழுதித் தரப்பட வேண்டும்.